பக்கத்து நாட்டுப் பசி

நெய்தலத்தில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஊரே ஐந்து நிமிடம் பக்கத்து நாட்டுக்காரனாக இருந்துவிட்டு வரும். அதற்குப் பிறகு பாயசம்.

தெருவுக்கு ஒரு மன்றம். மன்றத்தில் பெஞ்சுகள், சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிகளில் நெற்றிப்பட்டைகள். மணி அடித்ததும் பட்டையை மாட்டிக்கொண்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருதலத்தில் யாரோ ஒருவன் பட்ட பசி இவர்கள் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். அவன் முதுகில் விழுந்த அடி இவர்கள் முதுகில் சுரீரென்று இறங்கும். படம் கிடையாது, பேச்சு கிடையாது, வெறும் உடம்பு. மறுபடி மணி அடித்ததும் பட்டையைக் கழற்றிவிட்டு, “நல்லவேளை, நாம இங்க பொறந்தோம்” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டும். சொன்னவர்களுக்கு ஆளுக்கொரு கரண்டி பாயசம். தண்ணியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு குடித்தால் தேவாமிர்தம். இந்தச் சூட்சுமம் தெரிந்த எமகாதகன் எவனோ அரசாங்கத்தில் இருந்திருக்கிறான்.

நெய்தலம் மட்டும் என்ன வாழ்ந்தது? ரேஷன் அரிசி பாதி மாதம் வரும், பாதி மாதம் வராது. தேர்தல் வருஷா வருஷம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர், தலைமாடு கால்மாடாக. யாராவது முணுமுணுத்தால் போதும், பக்கத்தில் நிற்பவரே மடக்கிவிடுவார்: “நேத்து ஏழு மணிக்கு நீயும்தானய்யா பட்டை மாட்டுன? அங்க கட்டிலே கிடையாது, தெரியும்ல?” அதோடு வாய் அடைத்துவிடும்.

இந்த ஐந்து நிமிடத்தைத் தயாரிக்கும் இடத்துக்கு ஒப்பு நிலையம் என்று பெயர். வடிவு அங்கே பதினோரு வருடமாகச் சலிப்பு வேலை பார்த்தாள். அது என்ன வேலை என்று ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த வாத்தியார்கள் கேட்டார்கள். இயக்குநர் ஆடலரசன் சிரித்துக்கொண்டே, “வடிவம்மா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

“மருதலத்துல நம்ம ஒற்றர்கள் ரகசியமா எடுத்து அனுப்புற பதிவுல, அந்த ஆளோட பல்வலி, சொறி, பழக்கவழக்கம் எல்லாம் கலந்து வருங்க” என்றாள் வடிவு. “அதை நாங்க உமின்னு சொல்லுவோம். சலிச்சு எடுத்துடுவோம். ஒருத்தரோட அடையாளம் ஒட்டிக்கிட்டு இருந்தா மத்தவங்க உடம்பு அதை ஏத்துக்காது. எல்லாரோட பசியாவும் ஆகணும்னா, அது யாரோட பசியாவும் இருக்கக் கூடாது.”

வாத்தியார்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், “பசியை எதை வச்சு அளக்கறீங்க?” என்று கேட்டார்.

“என்னை வச்சுத்தான்” என்று ஆடலரசன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். “நிறைவுன்னா என்னன்னு ஒரு அளவு வேணும் இல்லையா? மாசம் ஒரு தடவை மதியம் சாப்பிட்டுட்டு அந்தப் படுக்கையில படுத்து என்னையே பதிவு பண்ணிக்குவேன். மிஷினுக்கு அதுதான் அளவுகோல். நாட்டுக்காக இந்த உடம்பைக் கொடுத்திருக்கேன்.” சொல்லிவிட்டு இடது காது மடலைத் திருகினார். அது அவருடைய பழக்கம். பெருமை வந்தாலும் திருகுவார், கவலை வந்தாலும் திருகுவார்.

வடிவும் அன்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவள் அந்த மனிதரை மதித்தாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் ஒரே மகன் சேந்தன் ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டான் என்று போலீஸ்காரர்கள் வந்து சொன்னபோது, துரோகியின் தாய்க்கு இங்கே வேலை எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். “பிள்ளை செஞ்சதுக்குத் தாய் என்னய்யா பண்ணுவாங்க?” என்று அவளை வேலையில் நிறுத்தி வைத்தவர் ஆடலரசன்தான். சேந்தன் கப்பல் பட்டறையில் வெல்டர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன். “தினமும் எதுக்குப் பக்கத்து நாட்டோட ஒப்பிடறானுங்க? போன வருஷத்து நம்ம நாட்டோட இந்த வருஷத்து நம்ம நாட்டை ஒப்பிடச் சொல்லு பாப்போம்” என்று டீக்கடையில் கேட்டிருக்கிறான். ஒரு வாரத்தில் ஆளைக் காணோம். அப்படிப் பேசியவன் அங்கேயே ஓடிப்போனான் என்றதும் வடிவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. எனக்குப் பிள்ளையே பிறக்கவில்லை என்று மன்றத்தில் எழுந்து நின்று சொன்னாள்.

அந்த வருடம் மழைக்காலத்தில் நிலையத்துக்குப் பதிவு தட்டுப்பாடு வந்தது. ஆடலரசன் வடிவைக் கூப்பிட்டார்.

“புதுசு எதுவும் உறைக்க மாட்டேங்குது வடிவம்மா. பழைய ஏழாம் நம்பரை எடுத்துப் புதுசாச் சலிச்சுப் போடுங்க. ஜனங்களுக்கு அவன்னா உசுரு.”

உண்மைதான். ஏழாம் நம்பருக்கு ஊரில் ரசிகர்களே உண்டு. “என்ன இருந்தாலும் ஏழாம் நம்பர் பசி மாதிரி வருமா?” என்று பெரிசுகள் இன்னமும் பேசிக்கொள்வார்கள். அந்தப் பதிவுகளை அப்போது சலித்தவள் வேறொருத்தி, வேலையை விட்டுப் போய்விட்டாள். அதனால் வடிவு அதன் மூலப்பதிவைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. பட்டையை மாட்டிக்கொண்டாள்.

முதலில் பசி. அது பழகியதுதான். பிறகு இடது கைக் கட்டைவிரல் தானாகச் சுண்டுவிரலைத் தேடிப் போய்த் தேய்க்க ஆரம்பித்தது. சுண்டுவிரல் முழுசாக இல்லை. மேல் கணு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, மழுங்கிப்போன தோல் மட்டும். ஆறு வயதில் சைக்கிள் செயினில் கையை விட்டுக்கொண்ட பிள்ளையின் விரல் அது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ரிக்‌ஷாவில் போனவள் அவள். பயம் வந்தால் அவன் அந்த மொட்டையைத் தேய்த்துக்கொண்டே இருப்பான்.

‘அங்கே போய்ப் பிடிபட்டுவிட்டானா?’ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பாவி மகனே, ஓடிப்போய் இந்தக் கதிக்கா ஆளானாய் என்று நெஞ்சு பதறியது. அப்போது காதில் ஒரு சத்தம் விழுந்தது. புதுப் பதிவுகளில் சத்தத்தை வேறு அறையில் முன்னாலேயே வெட்டிவிடுவார்கள். இது பழசு, வெட்டாதது. தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அவர்கள் ஊர்த் துறைமுகத்துச் சங்கு.

மருதலத்துக்குக் கடலே கிடையாது.

வடிவு கத்தவில்லை. பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஏழாம் நம்பர் ஒலிபரப்பான நாட்களில் அவளும் தன் தெரு மன்றத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தன் பிள்ளையின் பசியைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு, நல்லவேளை நாம் இங்கே பிறந்தோம் என்று சொல்லி, கரண்டிப் பாயசத்தை வழித்து நக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒருநாள் இல்லை இரண்டுநாள் இல்லை. அதை நினைத்ததும் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், ஏழாம் நம்பர்ல இன்னும் நாலஞ்சு நிமிஷம் இருந்தா நல்லாருக்கும். அந்த ஆளை மறுபடி பதிவு பண்ண முடியுமா?”

“அது முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சேம்மா” என்றார் ஆடலரசன், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். “நல்ல உடம்பு. ரெண்டு வருஷம் தாங்கினான். அந்த மாதிரி இப்ப எவன் இருக்கான்? ஒரே மாசத்துல துவண்டுடறானுங்க.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வடிவு வெளியே வந்தாள்.

அரிவாளை எடுத்துக்கொண்டு போய் ஒரே வெட்டாக வெட்டியிருக்கலாம். அதற்கும் அவளுக்குத் துணிச்சல் இருந்தது. ஆனால் வெட்டினால் ஒரு நொடியில் முடிந்துவிடும். சேந்தனுக்கு இரண்டு வருடம் எடுத்திருக்கிறது. அந்த மனிதருக்கும் அவசரம் எதுவும் வேண்டாம் என்று அவள் நினைத்தாள். அவர் பசித்துக் கிடக்கவேண்டும். நாள்கணக்காகக் கிடக்கவேண்டும். அதைத் தன் வயிற்றில் வாங்கிப் பார்க்கவேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வழி அலமாரியிலேயே இருந்தது. மருதலத்துப் பசி அடுக்கியிருந்த அதே தட்டில்தான் அளவுகோல் பதிவுகளையும் வைத்திருந்தார்கள். தங்கள் வயிறு நிறைந்திருப்பது ஒளித்து வைக்கவேண்டிய விஷயம் என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை.

போன மாதத்துப் பதிவை வடிவு எடுத்தாள். பதினோரு வருட வேலையில் அவ்வளவு பொறுமையாக அவள் எதையும் சலித்ததில்லை. காது திருகலை எடுத்தாள். கனத்த தொப்பையின் பாரத்தை எடுத்தாள். ஆளின் அடையாளம் ஒன்றுவிடாமல் போனதும், ஆட்டுக்கறிக் குழம்பும் நெய்ச்சோறும் நிறைந்த வயிறு மிஞ்சியது. குளிர்ந்த அறை, வெற்றிலை போட்ட வாயின் மணம், கண்ணைச் சொருகும் தூக்கம் மிஞ்சின. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு தட்டப்படும் என்ற பயமே இல்லாத முதுகு மிஞ்சியது. அன்று மாலை ஏழு மணிக்கு அதைப் போட்டாள்.

மணி அடித்தும் ஊரில் ஒருவரும் பட்டையைக் கழற்றவில்லை. பிடுங்கித்தான் எடுக்கவேண்டியிருந்தது. நல்லவேளை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மன்றத்துக்கு மன்றம் ஏப்பச் சத்தம்தான் கேட்டது. பாயசத்தை வாயில் வைத்தவர்கள் கழுநீர் என்று துப்பினார்கள். வடிவின் தெருவில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“அடப்பாவிகளா! அங்க இப்படியா இருக்கானுங்க? பயம் இல்லாம இருக்குறது இப்படித்தான் இருக்குமா? எனக்கு எழுபது வயசாச்சேடா!”

மறுநாள் காலையில் ஆற்றுப் பாலத்தில் சட்டி பானை, பாய் தலையணையோடு பாதி ஊர் நின்றது. காவலர்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். நெரிசலில் இரண்டு பேர் ஆற்றில் விழுந்து செத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது வடிவுக்கு அது உறைக்கவே இல்லை. அவள் கண் ஒரே ஒரு ஆள் மேல்தான் இருந்தது.

அன்று மதியமே அமைச்சர் நிலையத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். வடிவையும் உள்ளே நிறுத்தினார்கள்.

“சார், அது என் உடம்பு!” ஆடலரசனுக்கு வியர்த்துக் கொட்டியது. “அளவுகோல் பதிவை எடுத்துப் போட்டுட்டாங்க. இந்த அம்மாதான் போட்டிருக்கணும்.”

அமைச்சர் வடிவைப் பார்த்தார். “நேத்து ஒலிபரப்பானது எந்த நாட்டுப் பதிவு?”

“மருதலத்துப் பதிவுதாங்க” என்றாள் வடிவு. “இந்த நிலையத்துல இருக்குற எல்லாமே மருதலத்துப் பதிவுதானுங்களே?”

அமைச்சர் ஆடலரசன் பக்கம் திரும்பினார். “அரிசி இல்லாத மாசத்துல என் அதிகாரி கறிச்சோறு தின்னுட்டுப் படுத்திருந்தான்னு ஜனங்ககிட்டச் சொல்லவா? இல்ல, பக்கத்து நாட்டுக்காரன் நல்லாத் தின்கிறான்னு ஒரு துரோகி காசு வாங்கிட்டுக் கதை கட்டினான்னு சொல்லவா? ரெண்டாவதைச் சொன்னா நீங்க ஒருத்தர்தான் போவீங்க. முதலாவதைச் சொன்னா நாம எல்லாருமே போவோம்.”

வராந்தாவில் இரண்டு காவலர்களுக்கு நடுவே நின்ற ஆடலரசன் காதைத் திருகியபடி அவளைப் பார்த்தார். “உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன் வடிவம்மா? வேலையில வச்சுக் காப்பாத்தினேனே?”

“ஏழாம் நம்பர் என் பையன் சார்.”

அவர் முகம் வெளிறியது. “சத்தியமா எனக்குத் தெரியாதும்மா.”

“தெரிஞ்சிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?”

காவலர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வடிவை விட்டுவிட்டார்கள்; இன்னொரு ஆளையும் பிடித்தால் இன்னொரு கதை கட்டவேண்டும், தவிர சலிக்கத் தெரிந்த கை வேறு இல்லை. இயக்குநர் ஆடலரசன் எதிரியிடம் விலைபோய் ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டார் என்று மாலையில் அறிவிப்பு வந்தது.

அந்த நெரிசலிலும் பாலத்தைக் கடந்துபோனவர்களில் நிறையப் பேர் ஒரு மாதத்துக்குள் திரும்பி வந்தார்கள். மருதலம் எப்படி இருக்கிறது என்று அப்படித் திரும்பிய அந்தக் கண்டக்டரிடம் தெருவே கூடிக் கேட்டது.

“இதேதாம்ப்பா” என்றார் அவர் சலிப்போடு. “ரேஷன் வரிசை கொஞ்சம் குட்டை. மந்திரி கொஞ்சம் குண்டு. ஓட்டு உண்டு, ஆனா எண்ண மாட்டானுங்க. சாயந்திரம் ஆனா நம்மளை நெனச்சு அழுதுட்டு ஆளுக்கொரு எள்ளுருண்டை தின்கிறானுங்க.”

ஆடலரசனின் மனைவி பூங்கோதையை அரசாங்க வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் செக்கடித் தெருவில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். ஒருநாள் வடிவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஓடிட்டாருன்னு சொல்றாங்கக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஓடுவாரா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

“எனக்கென்னம்மா தெரியும்? என் பையனையும் அப்படித்தான் சொன்னாங்க” என்றாள் வடிவு. அந்தப் பெண்ணின் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

கார்த்திகையில் இருபத்து மூன்றாம் நம்பர் மேசைக்கு வந்தது. பட்டையை மாட்டியதும் பசியோடு சேர்ந்து ஒரு கை எழுந்து இடது காது மடலைத் திருகியது. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். ஒருமுறை முடிந்ததும் மறுமுறை போட்டாள், அதற்கு மேலும் போட்டாள். காய்ந்து ஒட்டிய அந்த வயிறு, சில்லிட்ட சிமெண்டுத் தரையில் குறுகிக் கிடக்கும் அந்த முதுகு, எல்லாவற்றையும் ருசித்தாள். ஆனாலும் எதுவோ பற்றவில்லை. தன் வயிற்றெரிச்சலைத் தெரிந்துகொள்ள இன்னொரு வயிறு வேண்டும் என்று தோன்றியது. தான் பட்டதை அந்த வீட்டிலும் ஒருத்தி படவேண்டும். ஆகவே பல்வலியைச் சலித்தாள், முதுகு அரிப்பைச் சலித்தாள், காதை மட்டும் விட்டுவிட்டாள்.

அன்று மாலை செக்கடித் தெரு மன்றத்துக்கு அவளே போனாள். தலைவலி என்று சொல்லிப் பட்டையை மாட்டாமல், பூங்கோதைக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மணி அடித்தது. நான்காவது நிமிடத்தில் மன்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஏதோ பூச்சி கடித்த மாதிரி இடது காதைத் தடவிக்கொண்டார்கள். பூங்கோதை தடவவில்லை. அப்படியே சிலையாகிவிட்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. வடிவு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டையைக் கழற்றியதும் பூங்கோதை நேராக அவளிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா... உயிரோட இருக்காருக்கா.” அழுகையும் சிரிப்பும் கலந்து அவளுக்கு மூச்சு வாங்கியது. “பட்டினியாத்தான் கிடக்காரு, ஆனா இருக்காரு. செத்துட்டாருன்னே நெனச்சுட்டேன். காதைத் திருகுறதையெல்லாம் எடுத்துடுறதுதானே உங்க வேலை? எனக்காகத்தானே விட்டு வச்சீங்க? இதுக்கு நான் என்னக்கா கைம்மாறு செய்வேன்?”

அவள் குனிந்து வடிவின் காலைத் தொட்டாள்.

வடிவுக்கு வந்தது துக்கம் இல்லை, பொறாமை. சேந்தன் இரண்டு வருடம் உயிரோடு இருந்தான். தினமும் அவள் வயிற்றுக்குள் வந்துபோனான். யாரோ ஒருத்தி ஒருநாள் அசந்துபோய் அந்த மொட்டை விரலை விட்டிருந்தால், அவளும் இப்படி யார் காலிலாவது விழுந்திருப்பாள். அந்தக் கொடுப்பினையைத் தன் கையாலேயே எதிராளி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே! ஆடலரசன் மேல்கூட அவளுக்கு அப்படியோர் ஆத்திரம் வந்ததில்லை.

“நாளைக்கும் இவரையே போடுவாங்களாக்கா?”

காதை எடுத்துவிட அரை மணி நேரம் போதும். அந்த வேலையைத்தான் அவள் பதினோரு வருடமாகச் சுத்தமாகச் செய்துவந்தாள். மன்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பாயசக் கரண்டிக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டில், யாரோ ஆற்றைத் தாண்டி ஓடிவிட்டதாகச் சொல்லியிருப்பார்கள்? அவர்களை எல்லாம் யார் கை சலித்தது?

“நாளைக்குக் கட்டாயம் வந்துடு” என்றாள் பூங்கோதையிடம். “தெருவுல எல்லாரையும் வரச் சொல்லு.”

மறுநாள் வடிவு பழைய மூலப்பதிவுகள் அத்தனையையும் கீழே இறக்கினாள். இந்தத் தடவை பசியைச் சலித்து எறிந்துவிட்டு உமியை மட்டும் எடுத்து வைத்தாள். ஒருவனின் திக்குவாய், ஒருத்தியின் காலை இழுத்து இழுத்து நடக்கும் நடை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் ஒரு தாடை, முத்தம் கொடுப்பது போலப் பீடி இழுக்கும் ஓர் உதடு. ஆளுக்குச் சில விநாடிகள். சேந்தனும் அதில் இருந்தான், பின்னால் ஊதும் அந்தத் துறைமுகச் சங்கோடு. ஐந்து நிமிடத்துக்குள் எல்லோரையும் அடைக்க அவள் மிகவும் சிரமப்பட்டாள்.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் அலறல் கேட்டது. “ஐயோ, இது எங்க தம்பி!” என்று யாரோ கத்தினார்கள். அடுத்த தெருவிலிருந்தும் அப்படி ஒரு குரல் வந்தது. பிறகு எந்தத் தெரு என்று பிரித்தறிய முடியவில்லை. மன்றத்துக் கதவுகள் திறந்துகொண்டன. ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பாலத்தின் பக்கம் ஒருவரும் போகவில்லை.